போர்ட் ஆஃப் ஸ்பெயின்: சேற்றுக் கரையில் ஒரு துறைமுகம்

நம் வயதுக்காரர்களுக்கு போர்ட் ஆஃப் ஸ்பெயின் என்ற பெயர் கிரிக்கெட் மூலமாகத்தான் காதில் விழுந்தது. 1971 மார்ச்சில் வடேகரின் அணி மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலாகத் தோற்கடித்த ஊர் அது. சர்தேசாய் 112 அடித்தார். கவாஸ்கர் என்ற 21 வயது இளைஞர் தன் முதல் டெஸ்டை ஆடியதும் அங்கேதான். 1976 ஏப்ரலில் 403 ரன் இலக்கை நம்மவர்கள் விரட்டிப் பிடித்ததும் அதே மைதானத்தில். அந்த ஸ்கோரை இன்றும் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள் இதைப் படிப்பவர்களில் நாலு பேராவது இருப்பீர்கள்.

ஆனால் நான் எழுத வந்தது கிரிக்கெட்டைப் பற்றி அல்ல. அந்த மைதானத்துக்குச் சற்று தள்ளியிருக்கும் துறைமுகத்தையும், அதை நம்பிப் பிழைத்த ஊரையும் பற்றி. காலம், ஏறத்தாழ 1935 முதல் 1962 வரை. பழைய துறைமுகங்களைப் பற்றிப் படிப்பது ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு. படித்தவற்றில் இந்த ஊரின் கதையைப் போல் மனதில் தங்கியவை குறைவு.

டிரினிடாட் தீவு தென் அமெரிக்கக் கரையை ஒட்டினாற்போல் கிடக்கிறது. வெனிசுவேலாவுக்கும் அதற்கும் இடையே, மிகக் குறுகலான இடத்தில் 11 கிலோமீட்டர்தான் கடல். இரண்டுக்கும் நடுவே பாரியா வளைகுடா, குளம்போல் அமைதியான நீர். கரீபியனை ஆட்டிப்படைக்கும் பெரும் புயல்கள் பெரும்பாலும் வடக்கே ஒதுங்கிப் போய்விடும். ஸ்பெயின்காரர்கள் பெயர் வைத்த ஊர். 1783-க்குப் பிறகு பிரெஞ்சுத் தோட்டக்காரர்களை அவர்களே அழைத்துக் குடியேற்றினார்கள். 1797-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். ஆகப் பெயர் ஸ்பெயினுடையது, தெருப்பேச்சு நெடுங்காலம் பிரெஞ்சுக் கலப்பு, ஆட்சி இங்கிலாந்துடையது. இதோடு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், மதேராத் தீவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர், சீனர், சிரியா லெபனான்காரர், இந்தியர். 1946 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்குக்கு அது ஒரு தாலுகா தலைநகர்தான். ஆனால் அந்தச் சின்ன ஊருக்குள் அரை உலகம் அடைந்து கிடந்தது.

துறைமுகத்துக்கு வருவோம். பாரியா வளைகுடா அமைதியானது என்றேன். அந்த அமைதிக்குக் கொடுத்த விலை சேறு. கரையோரம் ஆழமே கிடையாது. பெரிய கப்பல்கள் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் லைட்டர் என்னும் தட்டைப் படகுகளில் ஏற்றி இறக்க வேண்டும். நம் ஊரில் தோணியில் சரக்கு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மூட்டையைக் கப்பலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து கிடங்குக்கு என்று மூன்று தடவை தூக்குவார்கள். மூன்று தடவையும் கூலி உண்டு, மூன்று தடவையும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் காணாமலும் போகும்.

1930களில் கடலடிச் சேற்றை வாரி, ஆழமான வாய்க்கால் வெட்டி, கப்பல்கள் நேரே வந்து அணையும் மேடை கட்டினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வேலை முடிந்தது. வாரிய சேற்றைக் கொட்டிய இடம் புது நிலமாயிற்று. அதன்மேல் ரைட்சன் சாலை ஓடுகிறது. பொதுப்பணித்துறைத் தலைவராக இருந்த வால்ஷ் ரைட்சன் என்பவரின் பெயர் அது. தோணிக்காரர்களின் பிழைப்பு சுருங்கியது, மேடைக் கூலிகளின் கை ஓங்கியது. ஓங்கியது என்றால் சம்பளத்தில் அல்ல, சங்கத்தில். 1919-லேயே இந்தத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரைக் கலக்கியவர்கள். 1937-ல் தெற்கே எண்ணெய் வயல்களில் பட்லர் என்பவர் தலைமையில் பெரும் கிளர்ச்சி வெடித்தபோது துறைமுகத்திலும் சங்கம் அமைந்தது.

அந்த மேடையில் என்ன ஏறியது, என்ன இறங்கியது என்று பார்த்தாலே தீவின் வாழ்க்கை விளங்கிவிடும். ஏறியவை சர்க்கரை, கோகோ, ரம், தார். லா பிரேயாவில் இயற்கையாகவே தார் கொப்பளிக்கும் ஏரி ஒன்று இருக்கிறது. 1595-ல் வால்டர் ராலே தன் கப்பல்களின் ஓட்டையை அடைக்க அதை எடுத்துப் பூசியிருக்கிறார். கோகோதான் ஒரு காலத்தில் பெரும் பணம். 1920களில் விலை விழுந்தது, 1928 வாக்கில் மரத்துக்கு நோயும் வந்தது. பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் பல அத்துடன் சாய்ந்தன. எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. எண்ணெய்க்குத் தெற்கே தனித் துறை உண்டு என்றாலும் அதன் பணம் போர்ட் ஆஃப் ஸ்பெயின் வங்கிகளில்தான் வந்து படுத்தது.

இறங்கியவை சாப்பாட்டுச் சாமான்கள். கனடாவிலிருந்து கோதுமை மாவு, உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். ஏழைகளின் தட்டில் தினமும் இருந்தது இந்தக் கனடாக் கருவாடுதான். கரையில் நின்று பார்த்தால் கடலில் மீன் துள்ளுகிறது, சாப்பிடுவதோ ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த மீன். அடிமைக் காலத்தில் தோட்ட முதலாளிகள் மலிவு என்று வாங்கிப் போட்ட பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. 1928 முதல் 'லேடி' என்று தொடங்கும் பெயர்களைக் கொண்ட ஐந்து கப்பல்களைக் கனடா விட்டது: லேடி நெல்சன், லேடி ஹாக்கின்ஸ், லேடி டிரேக் என்று. அவற்றில் கனடாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய்வந்தவை மூட்டையும் மனிதரும் தபாலும். சின்னத் தீவுகளிலிருந்து காய்கனியும் ஆடுமாடும் ஏற்றிக்கொண்டு பாய்மரக் கப்பல்கள் வந்தன. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், பார்படோஸ் ஆட்கள். சரக்கை விற்றுவிட்டு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் ஏராளம்.

ஊருக்குள் கடைத்தெரு என்றால் பிரெடெரிக் தெரு. கடற்கரைப் பக்கம் மரைன் சதுக்கம்; இப்போது அதன் பெயர் சுதந்திரச் சதுக்கம். அதைச் சுற்றி ஆங்கில, ஸ்காட்லாந்துக் கம்பெனிகளின் மொத்தக் கிடங்குகள். இறக்குமதி அவர்கள் கையில், சில்லறை மற்றவர்கள் கையில். மூலைக்கு மூலை சாராயக்கடையும் அதோடு சேர்ந்த மளிகையும் போர்ச்சுக்கீசியருடையவை. சலவையும் மளிகையும் சீனருடையவை. சிரியாக்காரர்கள் துணிமூட்டையைத் தோளில் போட்டு வீடுவீடாகப் போனவர்கள். தவணையில் கொடுத்து வாரம் ஒருமுறை வந்து வசூலிப்பார்கள். ஒரு தலைமுறையில் தெருவில் நடந்தவர்கள் அடுத்த தலைமுறையில் பிரெடெரிக் தெருவில் ஜவுளிக்கடை வைத்தார்கள்.

பெட்டிக்கடை வியாபாரம் முழுக்கப் பற்றுக் கணக்குத்தான். அதை அவர்கள் 'டிரஸ்ட்' என்று சொல்வார்கள், நம்பிக்கை. சனிக்கிழமை கூலி வந்ததும் நோட்டைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். வாங்கும் சாமானுக்கு மேல் கடைக்காரர் ஒரு சிட்டிகை சர்க்கரையோ ஒரு துண்டு பிஸ்கட்டோ சேர்த்துக் கொடுப்பதற்கு 'லான்யாப்' என்று பெயர். இதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் தேட வேண்டும். தமிழில் தேட வேண்டியதில்லை. கொசுறுதான்.

பணம் எண்ணுவது இன்னொரு வேடிக்கை. கணக்கெல்லாம் டாலரும் சென்ட்டும். கையில் புழங்கிய சில்லறையோ இங்கிலாந்தின் ஷில்லிங்கும் பென்னியும். ஒரு பவுனுக்கு 4 டாலர் 80 சென்ட். அந்தக் கணக்கில் ஒரு ஷில்லிங் 24 சென்ட், ஒரு பென்னி 2 சென்ட். பத்துச் சென்ட் சாமானுக்கு ஐந்து பென்னி. பள்ளிக்கூடம் போகாத கிழவிகளும் இதை மனக்கணக்காகப் போட்டார்கள். 1955-ல்தான் சென்ட் கணக்கிலேயே புதுக் காசுகள் வந்தன. அணாவுக்கு ஆறு நயா பைசா என்று 1957-ல் நாம் தடுமாறியது நினைவிருப்பவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் ஒரு பரிவு பிறக்கும்.

வியாபாரம் இப்படி இருக்க, வேலை செய்தவர்கள் இருந்த இடத்தையும் சொல்லவேண்டும். தெருப்பக்கம் பார்த்தால் ஒழுங்கான கடைவரிசை. 1808-ல் ஊரே எரிந்தபின் நேர்கோடு போட்டுக் கட்டிய தெருக்கள். கடைக்குப் பின்னால் நுழைந்தால் முற்றம். முற்றத்தைச் சுற்றி நீளமான தகரக் கொட்டகை. கொட்டகையைப் பலகையால் தடுத்து அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். பலகை கூரைவரை போகாது. ஆகவே பக்கத்து வீட்டுச் சண்டை நம் வீட்டுச் சண்டை. ஒரே குழாய், ஒரே கழிப்பறை. 'பேரக் யார்ட்' என்று பெயர். நாம் ஒண்டுக்குடித்தனம் என்போம். சி. எல். ஆர். ஜேம்ஸ் 1936-ல் வெளியிட்ட 'மின்டி ஆலி' நாவல் இத்தகைய ஏழைத் தெரு வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொண்டது. கிரிக்கெட்டைப் பற்றி எழுதிய அதே ஜேம்ஸ்தான்.

இந்தியர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே கரும்புக் காட்டில் இருந்தார்கள். 1845 மே 30-ல் முதல் கப்பல் வந்து, 1917-ல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை ஏறத்தாழ 1,44,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள். சென்னையில் ஏறியவர்கள் சில ஆயிரம் பேர்தான். 'மதராசி' என்று தனியாகக் குறிப்பிடப்பட்ட இவர்கள் பேசிய தமிழும் தெலுங்கும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் கரைந்துபோயின. நகரின் மேற்குப் பக்கம் செயின்ட் ஜேம்ஸ் என்ற பகுதி இருக்கிறது. பழைய பெரு தோட்டம். அங்கே தெருப் பெயர்கள் கல்கத்தா, பம்பாய், டெல்லி, லக்னோ என்று போகும். மதராஸ் தெருவும் உண்டு. அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் தீ மிதித்திருக்கிறார்கள், காளியம்மனைக் கும்பிட்டிருக்கிறார்கள். மொகரத்துக்கு அங்கே இன்றும் தாஜியா ஊர்வலம் போகிறது, 'ஹோசே' என்பார்கள். பேச்சு போனாலும் ஒரு சொல் அடுப்படியில் ஒளிந்து தப்பியது. கறிவேப்பிலையை டிரினிடாட்காரர்கள் 'கராபிலே' என்கிறார்கள்.

தினமும் காலை ரயிலில் கிராமத்து இந்தியப் பெண்கள் காய்கறியும் பாலும் கொண்டு நகரச் சந்தைக்கு வருவார்கள். 1935-ல் 'பாலா ஜோபன்' என்ற இந்திப் படம் தீவுக்கு வந்தது. அங்கே திரையிடப்பட்ட முதல் இந்தியப் படம் அதுதான். பின்னர் இந்திப் படங்களை இறக்குமதி செய்வதே ஒரு வியாபாரமாயிற்று.

இப்படித் தன் போக்கில் போய்க்கொண்டிருந்த ஊரை இரண்டாம் உலகப்போர் குலுக்கிவிட்டது. 1940 செப்டம்பரில் சர்ச்சிலும் ரூஸ்வெல்டும் ஒரு பேரம் செய்துகொண்டார்கள். அமெரிக்கா 50 பழைய போர்க்கப்பல்களை இங்கிலாந்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு இங்கிலாந்து தன் தீவுகளில் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் நிலம் கொடுக்கும். டிரினிடாடில் அமெரிக்கர்கள் கைகாட்டியது சாகுவராமாஸ் தீபகற்பம். போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே, ஆழமான நீரும் மலை மறைவும் உள்ள இடம். நகர மக்கள் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப்போகும் கடற்கரையும் அதுவே. கவர்னர் ஹியூபர்ட் யங் ஒத்துக்கொள்ளவில்லை. கரோனிச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து அங்கே தளம் கட்டுங்கள், பின்னால் ஊருக்காவது பயன்படும் என்றார். கேட்பாரில்லை. சாகுவராமாஸில் இருந்தவர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. கொடுத்தவர் லண்டனில், வாங்கியவர் வாஷிங்டனில்.

ஏன் இந்தச் சின்னத் தீவுக்கு இவ்வளவு மவுசு? எண்ணெய் ஒரு காரணம். பாயின்ட்-அ-பியர் சுத்திகரிப்பு ஆலை பிரிட்டிஷ் பேரரசின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்று. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படாதது, பாக்சைட். விமானம் செய்ய அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு பாக்சைட் வேண்டும். பிரிட்டிஷ் கயானாவிலும் சுரினாமிலும் அது ஆற்றங்கரைகளில் கிடைத்தது. அந்த ஆறுகளின் முகத்துவாரம் ஆழமற்றது, பெரிய கப்பல் முழுச் சுமையோடு வெளியே வர முடியாது. ஆகவே சிறிய கப்பல்களில் டிரினிடாடுக்குக் கொண்டுவந்து, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றுவார்கள். வட அமெரிக்க ஆலைகளுக்குப் போன அலுமினிய மண்ணில் பெரும்பங்கு இந்த வளைகுடாவைத் தொட்டுத்தான் போயிற்று.

ஜெர்மானியருக்கும் இது தெரியும். 1942 பிப்ரவரி 18 இரவு நடந்தது சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். யு-161 என்ற நீர்மூழ்கி, கேப்டன் ஆல்பிரெக்ட் அக்கிலஸ். போருக்கு முன் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியில் வேலை பார்த்து அந்தக் கடலில் கப்பலோட்டிப் பழகியவர். டிராகன் வாய் என்று பெயர்கொண்ட குறுகிய கடல்வாயில் வழியே முங்கியபடி வளைகுடாவுக்குள் நுழைந்தார். இருட்டும்வரை அடியில் கிடந்தார். பிறகு மேலே வந்து பார்த்தால் ஊர் விளக்குகள் ஜகஜோதியாக எரிகின்றன. நங்கூரத்தில் நின்ற இரண்டு கப்பல்களை அடித்தார்: அமெரிக்கச் சரக்குக் கப்பல் மோக்கிஹானா, எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் கான்சல். கரையெங்கும் கூச்சல், தேடு விளக்குகள். அக்கிலஸ் முங்கவில்லை. நீர்மட்டத்தில் பாதி உடல் தெரிய, உள்ளூர்ப் படகு போகிற மாதிரி விளக்கு ஏற்றிக்கொண்டு வந்த வழியே வெளியே போய்விட்டார். மூன்று வாரம் கழித்து செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ் துறைமுகத்திலும் இதேபோல் புகுந்து இரண்டு கப்பல்களை அடித்தார். அதில் ஒன்று, முன்னே சொன்ன லேடி நெல்சன். அக்கிலஸ் 1943 செப்டம்பரில் பிரேசில் கரையருகே தன் நீர்மூழ்கியோடு மாண்டார்.

அடிபட்ட இரண்டு கப்பல்களும் மூழ்கவில்லை. பாரியா வளைகுடாவின் ஆழமற்ற சேற்றில் உட்கார்ந்துகொண்டன. பின்னர் தூக்கிப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். நூறு ஆண்டு வியாபாரிகள் திட்டித் தீர்த்த சேறு அன்றிரவு ஒரு நல்ல காரியம் செய்தது.

ஊர்ச் சனத்துக்கு அதைவிடப் பெரிய வெடி, அமெரிக்கக் கூலி. தளம் கட்ட ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கரும்புத் தோட்டத்தில் கிடைத்ததைவிட நல்ல கூலி, அதுவும் வாராவாரம் கையில் ரொக்கம். கூலியை ஏற்றிவிடாதீர்கள், எங்கள் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று தோட்ட முதலாளிகள் அரசாங்கத்தை நச்சரித்தார்கள். ஆனாலும் ஆட்கள் ஓடத்தான் செய்தார்கள். கரும்பு வெட்ட ஆளில்லை. பக்கத்துத் தீவுகளிலிருந்து பாய்மரக் கப்பலில் வேலை தேடி வந்து இறங்கினார்கள். சர்ச்சில்-ரூஸ்வெல்ட் நெடுஞ்சாலை என்று ஒன்றை அமெரிக்க ராணுவம் மளமளவென்று போட்டு முடித்தது. அதைவிட மக்கள் வாய்பிளந்து பார்த்தது வேறொன்று. வெள்ளைக்காரர்கள் சட்டையைக் கழற்றிப்போட்டு வியர்வை சொட்டச் சொட்ட மண் தள்ளும் இயந்திரம் ஓட்டினார்கள். அதுவரை அந்த ஊரில் வெள்ளைக்காரன் என்றால் நிழலில் நின்று கைகாட்டுபவன். கையால் வேலை செய்யும் வெள்ளைக்காரனைக் கண்ட பிறகு பழைய துரைமாரின் மேல் இருந்த பயம் அப்படியே இருக்குமா? என்னைக் கேட்டால், அடுத்த இருபது ஆண்டு அரசியலுக்கு எந்தக் கூட்டப் பேச்சையும்விட இந்தக் காட்சியே அதிகம் செய்தது.

அதே அமெரிக்கர்கள் தங்கள் ஊர் நிறவேற்றுமையையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். சிப்பாய்களின் குடியும் சண்டையும், காசுக்காக அவர்களோடு போன பெண்களின் கதையும் ஊர்ப்பேச்சாயிற்று. பாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காலிப்ஸோ என்பது அங்கே அன்றாடச் செய்தியைக் கேலியோடு பாடும் கலை. லார்டு இன்வேடர் என்ற புனைபெயர்காரர் 1943-ல் ரம்மும் கோக்கோ-கோலாவும் என்று ஒரு பாட்டுக் கட்டினார். டாலருக்காகத் தாயும் மகளும் உழைப்பதைக் குத்திக்காட்டும் பாட்டு. தளத்தைப் பார்க்கவந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஒருவர் அதைத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டார். 1945-ல் ஆன்ட்ரூஸ் சகோதரிகள் பாடி அமெரிக்கா முழுக்க ஒலித்தது. இன்வேடர் நியூயார்க் போய் வழக்காடி ஜெயித்தார். சர்க்கரையும் எண்ணெயும் ஏற்றுமதியான துறைமுகத்திலிருந்து பாட்டும் ஏற்றுமதியாயிற்று. அதற்கு மட்டும் யாரும் பட்டியல் போடவில்லை.

இன்னொரு ஏற்றுமதி இதைவிட விசேஷம். ஏழைகள் தோல் பறை அடிப்பதை 1880களிலேயே அரசாங்கம் அடக்கியது. அவர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். 1930களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி என்று கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். போர்க்காலத்தில் கார்னிவல் திருவிழாவுக்குத் தடை. தடையிருந்த ஆண்டுகளில் கிழக்கே லாவென்டில் குன்றுப்பக்கச் சேரிகளில் பையன்கள் டின்னின் அடியை உள்ளும் புறமும் குழித்துப் பார்த்து, ஓரிடத்தில் தட்டினால் ஒரு ஸ்வரம், இன்னோரிடத்தில் இன்னொன்று என்று கண்டுபிடித்தார்கள். 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி வந்ததும் தெருவில் இறங்கி அடித்தார்கள். போர் முடிந்து சிறிது காலத்தில் 55 காலன் எண்ணெய் டிரம்முக்கு மாறினார்கள். எண்ணெய் தீவில் அது குப்பை மாதிரிக் கிடைத்தது. எல்லி மேனெட், ஸ்ப்ரீ சைமன் போன்றவர்களின் பெயர் இதில் நிற்கிறது. குழுக்களின் பெயரெல்லாம் ஹாலிவுட் படத்திலிருந்து எடுத்தவை: டெஸ்பரேடோஸ், காசாபிளாங்கா, இன்வேடர்ஸ். பெயருக்கேற்ப ஒருவரையொருவர் கல்லாலும் கத்தியாலும் தாக்கிக்கொண்டார்கள். மரியாதைப்பட்ட வீட்டுப் பிள்ளை டிரம் பக்கம் போனால் அடி விழும். போலீஸ் பார்த்தால் டிரம்மையே பிடுங்கும்.

1951-ல் லண்டனில் 'பிரிட்டன் விழா' நடந்தது. சண்டைக் குழுக்களிலிருந்தே நல்ல வாசிப்பாளர்களைப் பொறுக்கி, ஜோசப் கிரிஃபித் என்ற இசை தெரிந்த போலீஸ் அனுபவஸ்தரை நடத்துநராக்கி அனுப்பினார்கள். வழிச்செலவுக்குப் பொதுமக்கள் காசு போட்டார்கள். துருப்பிடித்த டிரம்களோடு தேம்ஸ் நதிக்கரையில் நின்ற கறுப்புப் பையன்களைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று யோசித்த கூட்டம், வாசிப்பு தொடங்கியதும் வாயடைத்துப்போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் புதிதாகப் பிறந்த வாத்தியங்களில் மின்சாரம் தேவைப்படாத பெரிய வாத்தியம் இது ஒன்றுதான் என்பார்கள். காலி டிரம்மில் பிறந்தது.

போர் முடிந்து அமெரிக்கர்கள் குறைந்ததும் ரொக்கமும் குறைந்தது. வேலை இழந்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. நகரத்திலேயே, குன்றின்மேல் பலகைக் குடிசைகளில் தங்கினார்கள். 1956-ல் மைட்டி ஸ்பாரோ என்ற இருபது வயதுப் பாடகர் 'ஜீன் அண்ட் டைனா' என்ற பாட்டால் அந்த ஆண்டின் காலிப்ஸோ மன்னரானார். அமெரிக்கர் போனதால் சந்தை இழந்த பெண்களைப் பற்றிய குத்தல் பாட்டு. அவருக்குப் பரிசு 40 டாலர். அதே கார்னிவலில் அழகிப் போட்டியில் ஜெயித்த பெண்ணுக்கு 7,500 டாலர் மதிப்புள்ள பரிசு. அழகிகள் பெரும்பாலும் வெள்ளை நிறக் குடும்பத்துப் பெண்கள். ஸ்பாரோ அடுத்த ஆண்டு போட்டியைப் புறக்கணித்தார், மற்ற பாடகர்கள் பலரையும் சேர்த்துக்கொண்டு. கூலித் தகராறு மேடையிலும் வந்துவிட்டது.

அதே 1956-ல்தான் எரிக் வில்லியம்ஸ் தேர்தலில் ஜெயித்தார். வரலாற்றுப் பேராசிரியர், அடிமை முறைக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1944-ல் பெரிய நூல் எழுதியவர். உட்ஃபோர்டு சதுக்கத்தில் மரத்தடியில் கூடிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு வரலாற்றுப் பாடம் நடத்துவார். துறைமுகக் கூலியும் கடைச் சிப்பந்தியும் நின்றுகொண்டே கேட்பார்கள். அந்த இடத்துக்கு அவரே பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்.

1958 ஜனவரியில் பத்து பிரிட்டிஷ் தீவு ஆட்சிப் பகுதிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி பிறந்தது. தலைநகர் டிரினிடாடில். தலைநகரம் கட்ட எந்த இடம் என்று பார்த்தால், தகுந்த இடம் சாகுவராமாஸ். அமெரிக்கா அசையவில்லை, 99 ஆண்டில் 17 ஆண்டுதானே ஆகியிருக்கிறது என்றது. கப்பலுக்குப் பதிலாகக் கொடுத்த நிலம், கொடுத்தவன் எங்கள் வீட்டுக்காரனே அல்ல என்பது வில்லியம்ஸ் கட்சி. 1960 ஏப்ரல் 22-ல் கொட்டும் மழையில் பெரும் ஊர்வலம் நடத்தி அமெரிக்கத் தூதரகத்தில் மனுக் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கா இறங்கிவந்தது. குத்தகை நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. தளத்தில் ஒரு பகுதியை மேலும் சில காலம் வைத்துக்கொள்ளலாம். பதிலுக்குத் துறைமுக விரிவாக்கத்துக்கும் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கும் உதவ வேண்டும் என்று ஏற்பாடு. அடமானம் வைத்த பொருளை மீட்பதோடு வட்டியையும் எதிர்த்தரப்பிடமே வாங்கியது கெட்டிக்கார வியாபாரம். பேராசிரியருக்குக் கடைத்தெருவின் கணக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் கட்டவேண்டிய தலைநகரம் இல்லாமல் போயிற்று. 1961 செப்டம்பரில் ஜமைக்கா மக்கள் வாக்கெடுப்பில் கூட்டாட்சியிலிருந்து விலகினார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் ஒன்பது இல்லை, பூஜ்யம் என்று வில்லியம்ஸ் சொன்ன கணக்கு அங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 1962 மே 31-ல் கூட்டாட்சி கலைந்தது. ஆகஸ்ட் 31-ல் டிரினிடாடும் டொபேகோவும் தனிநாடாயின. 1967-ல் அமெரிக்கக் கடற்படைத் தளம் மூடப்பட்டது. இப்போது சாகுவராமாஸில் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச்சனம் பழையபடி குளிக்கப் போகிறது.